பேசாமல் இறக்கிய சரக்கு

நிதானம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. லாரி ஷெட்டில் வைத்தது. அவர் டேங்கர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து, பின்னால் ஹாரன் அடித்து அலுத்துப்போன யாரோ ஒரு டிரைவர் வைத்த பெயர். ரசாயனம் ஏற்றிய வண்டியை அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி. பின்னால் வருகிறவன் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும், கேட்பதற்கு அவருக்குக் காது சும்மாதான் இருக்கிறது.

அன்று காலை அவர் வீட்டுக்குள் ஒரு காலை வைத்து மறு காலை வைப்பதற்குள் போன் வந்துவிட்டது. சூப்பர்வைசர்.

"அண்ணே, ஆசிட் வண்டி ஓட்டுறவருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு லோடுதான். தண்ணி பிளான்ட்டுக்கு. அந்த இடம் உங்களுக்கு அத்துப்படி."

"இப்பதான்யா வந்தேன். ராத்திரி பூரா வண்டியிலதான் இருந்தேன்."

"தெரியும்ணே. வேற ஆளு இருந்தா உங்களைக் கூப்பிடுவேனா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஓய்வு எடுக்காமல் அடுத்த லோடு ஏற்றக் கூடாது என்று கம்பெனியே சுவரில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்த கம்பெனியேதான் போனும் செய்கிறது, அதுதான் விசேஷம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு முடியாது என்கிற வார்த்தை அவர் வாயில் சரியாக ஒட்டுவதில்லை. மனைவி ஒரு டம்ளரில் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். போகாதீர்கள் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இரண்டு வருஷத்து விஷயம் இதுதான். அன்றைக்கும் இதே மாதிரி மாற்று ஆள் வராமல் அவர் தொடர்ந்து வண்டியில் இருந்தார். கண் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. போகிற வழியில்தான் வீடு. எங்கேயாவது போய் இடிப்பதைவிட ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாம் என்று, சரக்கோடு வண்டியைத் தன் தெருவிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய் விழுந்தார். அடுத்த தெருவில் இருந்த மனைவியின் தம்பி அந்தப் பக்கம் வந்தான். அவன் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ரசாயன டேங்குகளைப் பார்த்துக்கொள்கிறவன். வண்டியில் என்ன இருக்கிறது, கசிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? வண்டியை ஒட்டிக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் முதுகில் எழுதியிருந்த நம்பருக்கு அவன் போன் போட்டுவிட்டான். நிதானத்தை ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடவிடாமல் உட்கார வைத்தார்கள்.

தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அது அவர் கோபமே இல்லை. "வாசல்ல வந்து கதவைத் தட்டி, மாமா, வண்டியை எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அக்கா புருஷன்னு பார்க்காம காட்டிக்கொடுத்துட்டானே" என்பதுதான் கோபம். மைத்துனனுக்கும் அதே அளவு கோபம். ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றப்போனவனைத் துரோகி மாதிரி பார்க்கிறாரே என்று. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

வீட்டில் பேசாமல் இருப்பது சுலபம். மைத்துனன் அக்காவைப் பார்க்க வந்தால் இவர் உள் அறைக்குப் போய் இல்லாத வேலையைத் தேடுவார். தவிர்க்க முடியாமல் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் மனைவி நடுவில் தபால்காரி மாதிரி இருந்தாள். "தம்பிகிட்ட சொல்லு" என்று இவர் சொல்வார், தம்பி இரண்டடி தள்ளிதான் உட்கார்ந்திருப்பான். தொல்லை எங்கே என்றால் வேலை இடத்தில். நிதானம் வழக்கமாகக் கொண்டுபோவது ஹைப்போ, அதாவது தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் திரவம். அதை இறக்கும் இடம் மைத்துனன் வேலை பார்க்கும் அதே நிலையம். சாவி அவனிடம்.

அங்கே ஒரு சுவரில் இரண்டு குழாய் வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஹைப்போ டேங்குக்குப் போகிறது, இன்னொன்று ஆசிட் டேங்குக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு மூடி, ஒரே அளவு வாய், எந்த ஹோஸைக் கொண்டுவந்தாலும் எதிலும் மாட்டலாம். மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசிட்டும் ஹைப்போவும் ஒன்று சேர்ந்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை கிளம்பும். அதை மூச்சில் வாங்கினால் நெஞ்சு வெந்துபோகும், நிறைய வாங்கினால் ஆளே மிஞ்ச மாட்டான். அதனால்தான் அங்கே ஒரு விதி. ஹோஸை மாட்டும் முன் சாவிக்காரர் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: என்ன சரக்கு? டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த டேங்க் என்று டிரைவர் கேட்க வேண்டும், சாவிக்காரர் குழாயைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதில்தான் உயிரே அடங்கிக்கிடக்கிறது.

இந்த இரண்டு மகராசன்களும் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேட்டில் இருக்கும் காவலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வயதானவர், வாய் ஓயாதவர், இதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"என்ன சரக்குன்னு மச்சான் கேக்குறார்" என்பார் இவரிடம்.

"ஹைப்போன்னு சொல்லுங்க."

"மாமா ஹைப்போ கொண்டாந்திருக்காராம்" என்று நாலடி தள்ளி நிற்கிறவனிடம் சத்தமாகச் சொல்வார். "எந்த டேங்க்னு கேக்குறாரு. அப்புறம், உடம்பு இளைச்சிட்டீங்களாம், நல்லாச் சாப்பிடச் சொன்னாரு."

"அப்படியெல்லாம் நான் சொல்லல" என்று நிதானம் வானத்தைப் பார்த்துச் சொல்வார். மைத்துனன் குழாயைத் தொட்டுக் காட்டுவான். நிலையத்தில் எல்லாருக்கும் இது ஒரு வேடிக்கை. சிரித்தார்களே தவிர, இது என்ன கூத்து என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆசிட் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தபோது வெயில் ஏறிவிட்டது. கம்பெனியின் எல்லா டேங்கரும் ஒரே நிறம், ஒரே உருவம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் மாட்டியிருக்கும் சாய்சதுரப் பலகைதான் சொல்லும். ஏறும் முன் நிதானம் வண்டியைச் சுற்றி வந்து வால்வு, மூடி, பலகை எல்லாம் பார்த்தார். கசிவு இல்லை. அவருடைய கண் எரிந்தது. வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்று முகத்தில் அடிக்கும்படி ஓட்டினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது யாரோ வயதானவர் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. இன்னும் எத்தனை வருஷம் இப்படி என்று கணக்குப் போட ஆரம்பித்து, அதற்கும் தெம்பில்லாமல் விட்டுவிட்டார்.

நிலையத்தின் கேட்டில் புதிதாக ஒருவர் நின்றார். பழைய காவலாளிக்குப் பல்வலியாம், டாக்டரிடம் போயிருக்கிறாராம். புதியவர் சீட்டை வாங்கி முத்திரை குத்திவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பேச்சைச் சுமக்க ஆள் இல்லை என்பது நிதானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனார்.

மைத்துனன் வந்தான். வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் இவரையும் பார்க்க வேண்டும், அதனால் அவன் வண்டியைப் பார்க்கவில்லை. ஓட்டிக்கொண்டு வந்தது இவர். இவர் என்றால் ஹைப்போ. அவன் கை பழக்கத்தில் ஹைப்போ மூடியின் பூட்டைத் திறந்தது. மூடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினான்.

நிதானமும் அவனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு தானும் கட்டை விரலைத் தூக்கினார். பிறகு திரும்பினார். திறந்திருந்த வாயில் ஹோஸை மாட்டினார். இத்தனை வருஷமாக அவர் மாட்டிய அதே வாய். தூக்கத்துக்கு ஏங்கும் உடம்புக்குப் பழகின வேலையைச் செய்வது எவ்வளவு இதம். ஹைப்போ என்று மேலே எழுதியிருந்ததைக்கூடப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பார்த்த எழுத்து அது, அதனால் அது சரியாகத்தான் தெரிந்தது.

டேங்கின் மட்டம் காட்டும் கருவி கெட்டுப்போய் நாளாகிறது. அதனால் சரக்கு இறங்கும்போது ஒருவர் ஏணியில் ஏறி, டேங்கின் மேல் வாயருகே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். மைத்துனன் ஏறினான்.

நிதானம் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தார். எப்போதும் அப்படித்தான், முதலில் கொஞ்சம், பிறகு காத்திருந்து மீதி. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு இரண்டு உயிரையும் காப்பாற்றியது என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அதைக் கேட்க ஆறுதலாக இல்லை.

முதலில் மூக்கில் ஏறியது ஒரு நெடி. பிறகு ஹோஸ் உதறியது. டேங்குக்குள்ளிருந்து கொதிக்கும் சத்தம். அவர் தலையைத் திருப்பி வண்டியின் பலகையைப் பார்த்தார், குழாயின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தார். தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வால்வை இழுத்து மூடினார். மேலே அண்ணாந்து பார்த்தார். டேங்கின் வாயிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது.

"மச்சான்" என்று கத்தினார். "இறங்கு. கீழ இறங்கு மச்சான்."

இரண்டு வருஷத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்தக் குரலைக் கேட்டதும் மைத்துனன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு வருஷமாக என்ன செய்தானோ அதையே செய்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் பக்கமிருந்து திரும்பி, டேங்கின் வாய்ப் பக்கம். ஒரே ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த ஒரு மூச்சை அவன் அங்கே குனிந்து இழுத்தான்.

இருமல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் வரவில்லை. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு அவன் அப்படியே முட்டி போட்டான்.

நிதானம் ஏணிக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் அவரும் விழுந்திருப்பார். கேபினுக்கு ஓடி, இருக்கைக்கு அடியிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கினார். ஒரு பட்டை வழுக்கி வழுக்கிப் போனது. மேலே அவன் இருக்கிறான், இங்கே நான் வார் கட்டிக்கொண்டிருக்கிறேனே என்று அழுகை வந்தது. கட்டி முடித்த பிறகுதான் ஏறினார். காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து வீசியது, அது ஒன்றுதான் நல்லது. கம்பியைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனைத் தன் தோளுக்கும் ஏணிக்கும் நடுவில் வைத்து, படிப்படியாக இறக்கினார். கேட்டிலிருந்த புதியவர் அதற்குள் சைரனை அடித்துவிட்டிருந்தார். நாலைந்து பேர் ஓடிவந்து காற்று வரும் பக்கமாக அவனை இழுத்துப்போய், அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஷவரைத் திறந்து அதன் கீழே உட்கார வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு அதிகாரி வந்து, நடைபாதை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மகள் வயதிருக்கும். அதட்டவில்லை.

"என்ன சரக்குன்னு யார் கேட்டது?"

"யாரும் கேக்கல."

"எந்த டேங்க்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"ஏன்?"

நிதானம் தன் கையைப் பார்த்தார். ஹோஸ் சரியில்லை, எழுத்து மங்கிப்போயிருக்கிறது, தூக்கம் இல்லை என்று சொல்ல எத்தனையோ இருந்தது. தூக்கம் இல்லை என்பது பொய்யும் இல்லை. ஆனால் அதைச் சொல்லித் தப்பிப்பதற்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"நாங்க பேசிக்கிறதில்லம்மா. ரெண்டு வருஷமாச்சு."

அவள் பேனாவை மடியில் வைத்தாள். "அப்போ இத்தனை நாளா எப்படி இறக்கினீங்க?"

"கேட்டுல இருக்குறவர் சொல்லுவார். இன்னைக்கு அவருக்குப் பல்வலி."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதை நான் எழுதித்தான் ஆகணும்" என்றாள். "உங்களுக்கு ரெஸ்ட் குடுக்காம வண்டி ஏத்துனதையும் எழுதுவேன்." எழுதும்மா என்றார். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

மனைவி வந்தாள். உள்ளே போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிழைத்துக்கொண்டான், ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டையும் மூச்சுக்குழாயும் வெந்திருக்கின்றன, மூச்சு சரியாகிவிடும், குரலைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றும் சொல்லியிருந்தார். அவள் வெகு நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அன்னைக்குத் தம்பி வந்தான்" என்றாள்.

"என்னைக்கு?"

"வண்டிய நம்ம தெருவுல நிறுத்தினீங்களே, அன்னைக்கு. கதவைத் தட்டினான். மாமாவை எழுப்புக்கா, வண்டிய எடுக்கணும்னான். நான்தான் எழுப்பல. ரெண்டு நாளா கண்ணே மூடல, இப்பதான் படுத்திருக்காரு, போடான்னு அனுப்பிட்டேன். மறுபடியும் வந்து தட்டினான். நான் கதவையே திறக்கல. அப்புறம்தான் போன் பண்ணியிருக்கான்."

நிதானம் அவளைப் பார்த்தார். அவளுடைய கண்ணுக்குக் கீழேயும் கறுத்துப் போயிருந்தது. இவர் ராத்திரி வண்டியில் போனால் அவளும் தூங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். உங்களை வேலைய விட்டு உட்கார வெச்சப்போ சொல்லப் பயமா இருந்துச்சு. நீ எழுப்பியிருந்தா இது நடந்திருக்காதேன்னு சொல்வீங்க. அப்புறம் நாள் ஆக ஆக, சொல்லவே முடியாமப் போச்சு. நான் உங்ககிட்ட சொல்லிட்டேன்னுதான் தம்பி நினைச்சுக்கிட்டு இருக்கான். தெரிஞ்சும் மாமா பேசலைன்னு அவனுக்கு ஆத்திரம்."

கோபப்பட வேண்டிய இடம்தான். அவர் தனக்குள் தேடிப் பார்த்தார், கோபம் கிடைக்கவில்லை. தூங்கட்டும் என்று ஒருத்தி நினைத்தாள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அந்தத் தூக்கம்தான் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது. அவள் கையை எடுத்துத் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

மைத்துனன் தலையணையில் சாய்ந்து கிடந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பேச விடாதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். நிதானம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டி ஓட்டும்போதெல்லாம் இவனிடம் சொல்வதற்கென்று அவர் எத்தனை பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை, பதில் பேச முடியாதபடி. இப்போது இவனால் பதில் பேசவே முடியாது, அவருக்கோ ஒரு வார்த்தையும் வரவில்லை.

"மச்சான்" என்றார் கடைசியில். "நீ வந்து கதவைத் தட்டினது எனக்குத் தெரியாதுடா. இப்பதான் உங்கக்கா சொன்னா. சத்தியமாத் தெரியாது."

மைத்துனன் அவரை வெறித்துப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் நம்பாமையும், பிறகு எல்லாம் புரிந்ததும் ஒரு பெரிய அசதியும் வந்தன. அவன் வாயைத் திறந்தான். பேசாதே என்று இவர் கையைத் தூக்கினார். அவன் கேட்கவில்லை.

"மாமா" என்றான்.

காய்ந்த சருகைக் கையில் நசுக்கின மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அவனே அதைக் கேட்டுப் பயந்துபோனான் என்பது கண்ணில் தெரிந்தது. "பரவாயில்லை, சரியாயிடும், டாக்டர் சொல்லிட்டார்" என்று நிதானம் பொய் சொன்னார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் இவன் வாசலிலிருந்தே மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான், இரண்டு வருஷமாகக் காதில் வாங்கவே மறுத்த அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கனமான குரலா, மெல்லிசா? இழுத்துப் பேசுவானா, வேகமாகப் பேசுவானா? எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.